அண்ணன் கணக்கில் தம்பி கால்

செத்தாலும் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றுவதில்லை என்று பெரியவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சபதம் எடுத்தார். செத்த பிறகு யார் கழற்றினால் என்ன, எவர் தடுக்க முடியும் என்பதையெல்லாம் சபதம் எடுக்கிற வேகத்தில் அவர் யோசிக்கவில்லை. எதிரே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, உதட்டில் கவ்வியிருந்த குண்டூசியை எடுக்காமலே, "சரிங்க" என்றாள். அந்தச் 'சரிங்க'வைக் கேட்டதும் பெரியவர் உஷாரானார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் 'சரிங்க' என்று சொன்ன எந்த விஷயத்திலும் அவர் ஜெயித்ததில்லை.

பெரியவர் என்றதும் நரைத்த தாடியும் கைத்தடியுமாகக் கற்பனை பண்ண வேண்டாம். இரட்டைப் பிள்ளைகளில் பத்து நிமிஷம் முந்திக்கொண்டு பிறந்தவர், அவ்வளவுதான் அவருடைய பெருமை. பிந்தி வந்தவர் சின்னவர். அந்தப் பத்து நிமிஷத்தை வைத்துக்கொண்டு பெரியவர் ஆயுசு பூராவும் அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். முகம் ஒன்று, குரல் ஒன்று, தலையில் வழுக்கை விழுந்த இடம்கூட ஒன்று. பெற்றவளே சில நாள் ஒருத்தனுக்கு இரண்டு தரம் ஊட்டிவிட்டு இன்னொருத்தனைப் பட்டினி போட்டிருக்கிறாள். பட்டினி கிடந்தது யார் என்று கேட்பானேன், சின்னவர்தான்.

பள்ளிக்கூடத்துக்கு ஊசி போட ஆள் வந்தால் பெரியவர் கக்கூசில் போய் ஒளிந்துகொள்வார். தம்பி தன் ஊசியை இடது கையில் வாங்கிக்கொண்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்று, அண்ணன் ஊசியை வலது கையில் வாங்கிக்கொண்டு வருவார். கணக்கு வாத்தியார் பிரம்பை எடுத்தாலும் இதே ஏற்பாடுதான். இதில் சின்னவருக்கு வருத்தம் கிடையாது. அண்ணனுக்காக என்றால் அவர் பாழுங்கிணற்றில் இறங்கச் சொன்னாலும் இறங்குவார். தனக்காக என்றால் பக்கத்துக் கடைக்குப் போய்த் தலைவலி மாத்திரை வாங்க மாட்டார். அப்படி ஒரு பிறவி.

இரண்டு பேருக்கும் தொழில் ஒன்று. உயரமான கட்டடங்களுக்கு வெளிச்சுவர் பெயின்ட் அடிப்பது. மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகையில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து, மேலிருந்து கீழே அடித்துக்கொண்டே இறங்குவார்கள். வெயில் முதுகில் ஏறும்போது சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். செருப்பு போட்டால் பலகை வழுக்கும் என்று எப்போதும் வெறுங்கால். சாயங்காலம் இறங்கி, கையிலும் காலிலும் ஒட்டியதைப் பெயின்ட்டைக் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியால் தேய்த்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக வீட்டுக்குப் போவார்கள். வீடுகளும் பக்கம்தான், நடுவில் ஒரு தெரு.

பெரியவர் மனைவிக்குத் தையல் வேலை. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டும் நர்சுகளுக்குச் சீருடையும் தைத்துக் கொடுப்பாள். நாலு டாக்டருக்குத் தோள் அளவு எடுத்தவளுக்கு நாலு வியாதியின் பெயர் தெரியாமல் இருக்குமா? இந்த வம்பும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. தோல் டாக்டரம்மா ஒருத்தர் கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில், வீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். சொன்னதும், வருஷத்துக்கு ஒரு தடவை தோலை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்துக்கொள்வது நல்லது, ஊசி கிடையாது, வலி கிடையாது, புற்றுநோய் ஏதாவது இருந்தால் பொட்டளவு இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது சனி.

பெரியவர் சும்மா மறுக்கவில்லை. காரணங்களோடு மறுத்தார். வெள்ளைக்காரத் தோலுக்குத்தான் அந்த நோய் வரும், நம்ம நிறத்துக்குப் பக்கத்திலேயே வராது என்றார். பிறந்ததிலிருந்து வெயிலில் நிற்கிறவனுக்கு வெயில் சொந்தக்காரன் மாதிரி, சொந்தக்காரன் கெடுதல் பண்ணுவானா என்றார். பண்ணுவான் என்று அவருக்கே உடனே ஞாபகம் வந்ததால் அந்தக் காரணத்தைப் பாதியில் விட்டுவிட்டார். ஒரு பொம்பளை டாக்டர் முன்னால் கோவணத்தோடு நிற்பது மானமுள்ளவன் செய்கிற காரியமா என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மனைவி, புதன்கிழமை காலையில் நேரம் வாங்கியாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். அப்புறம் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள்.

உண்மையான காரணத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பயம். ஏதாவது இருந்து தொலைத்தால்? பார்க்காத வரைக்கும் இல்லை என்றுதானே அர்த்தம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுபோகாதுதான். ஆனால் அந்தப் பூனைக்கு அந்த நேரத்தில் எவ்வளவு நிம்மதி என்பது பெரியவருக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை, ஏழாவது மாடி உயரத்தில் தொங்கிக்கொண்டு சன்ஷேடுக்கு அடியில் ரோலர் ஓட்டும்போது, அவர் மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு ஒரு உதவி பண்ணணும்டா."

"சொல்லுண்ணே."

"தோல் ஆஸ்பத்திரிக்கு எனக்குப் பதிலா நீ போய்ட்டு வரணும். சும்மா படுத்தா போதும். பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு அனுப்பிடுவாங்க. உங்க அண்ணி என் உசிரை வாங்குறா."

சின்னவர் ரோலரை வாளியில் போட்டார். "கள்ளத்தனம் பண்ணா மாட்டிக்குவோமேண்ணே."

"பெத்தவளுக்கே வித்தியாசம் தெரியலை. டாக்டருக்கு எங்கே தெரியப்போகுது?"

"ஊசி உண்டா?"

"கிடையாது."

"உண்டுன்னாலும் பரவாயில்லை. போறேன்."

அப்படியே முடிந்தது. மறுநாள் பெரியவர் குளித்து, நல்ல சட்டை போட்டு, மனைவி எடுத்துக் கொடுத்த துண்டையும் வாங்கிக்கொண்டு, தூக்குமேடைக்குப் போகிற முகத்தோடு வீட்டைவிட்டுக் கிளம்பினார். தெருமுனையில் நின்ற தம்பி கையில் துண்டைக் கொடுத்துவிட்டு நேரே வேலைக்குப் போய்விட்டார். தனியாகப் பலகையில் தொங்கிக்கொண்டு சீட்டியடித்துப் பெயின்ட் அடித்தார். மனைவியை ஏமாற்றிய நாளில் சுவருக்கே ஒரு மினுமினுப்பு வந்துவிட்டது போல இருந்தது.

மதியம் தாண்டித்தான் சின்னவர் வந்தார். நொண்டிக்கொண்டு வந்தார்.

நடந்ததை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். படுக்கவைத்து, விளக்கு வைத்த ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால், கழுத்து, முதுகு, நகம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதுகில் ஒன்றுமில்லை என்றார். எழுந்து சட்டையை எடுக்கப் போன சமயத்தில், காலை நீட்டுங்கள், உள்ளங்காலையும் பார்க்க வேண்டும் என்றார். இடது குதிகாலில் கருப்பாகப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறை. அங்கே வந்து கண்ணாடி நின்றது, நகரவே இல்லை. அது பெயின்ட் டாக்டர், தின்னர் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று சின்னவர் சொல்லியிருக்கிறார். எத்தனை நாளாகத் தேய்க்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். போன மழைக்காலத்திலிருந்து என்று இவர் சொன்னார். கருப்பு பெயின்ட் கடைசியாக எந்தக் கட்டடத்துக்கு அடித்தீர்கள் என்று கேட்டார். சின்னவர் ரொம்ப நேரம் யோசித்துப் பார்த்தார். அடிக்கவே இல்லை.

"அந்த இடத்துல மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் வெட்டி எடுத்து, தையல் போட்டிருக்காங்கண்ணே. பரிசோதனைக்கு அனுப்பணுமாம். முடிவு வந்ததும் அண்ணிக்குப் போன் பண்றாங்களாம்."

பெரியவருக்கு முதலில் தோன்றியது என்ன என்று சொன்னால் அவரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருக்காது. இருந்தாலும் சொல்ல வேண்டியதுதான். தம்பி காலில் தையல் இருக்கிறது, என் காலில் இல்லையே, வீட்டில் என்ன சொல்வது என்றுதான் அவருக்குத் தோன்றியது.

இடிந்து உட்காரவெல்லாம் நேரமில்லை. வேலை இடத்தில் இருந்த வெள்ளைத் துணியைக் கிழித்தார். தம்பியை எதிரே உட்காரவைத்து, அவர் கால் கட்டைப் பார்த்துப் பார்த்துத் தன் காலிலும் அச்சாக அதே மாதிரி கட்டிக்கொண்டார். எதிரே இருக்கிறவனைப் பார்த்துக் கட்டினால் கண்ணாடியைப் பார்த்துக் கட்டுகிற மாதிரிதானே. கட்டு வலது காலில் வந்து உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் கண்ணாடியாக வைத்துக்கொண்டவர்களுக்கு அது தப்பு என்றே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆரம்பித்தது நாடகம். பெரியவர் தெருமுனை வரை ராஜா மாதிரி நடந்து வருவார். முனை திரும்பியதும் நொண்ட ஆரம்பிப்பார். சின்னவர் முனை வரை நொண்டிக்கொண்டு வருவார். திரும்பியதும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடப்பார். வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று அவருக்கும் பயம். காலையிலும் அதே இடத்தில் நின்று அண்ணனும் தம்பியும் நொண்டியை மாற்றிக்கொள்வார்கள். வலி இல்லாதவன் முனகினான், வலி உள்ளவன் சிரித்துக்கொண்டு நடந்தான். வேலை இடத்தில் தம்பியைப் பலகையில் ஏறவிடாமல் கீழே உட்கார்ந்து பெயின்ட் கலக்கச் சொன்னார் பெரியவர். அந்த அளவுக்காவது மனசாட்சி இருந்தது.

மனைவி அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். காலுக்குத் தலையணை வைத்தாள். உட்கார்ந்த இடத்துக்குத் தட்டு வந்தது. கட்டைப் பிரித்து மருந்து போடட்டுமா என்று கேட்டாள். பிரிக்கவே கூடாதென்று டாக்டரம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார் என்று பெரியவர் பதறினார். ஒரு நாள் அவர் வாசலில் நுழையும்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"காலையில வலது பக்கம் சாய்ஞ்சு போனீங்க. இப்ப இடது பக்கம் சாய்ஞ்சு வர்றீங்களே?"

"ஒரே பக்கம் எத்தனை நாள்தான் சாயுறது? இடுப்பு வலிக்காதா?"

"அதுவும் சரிதாங்க" என்று சொல்லிவிட்டு அவள் நூலைப் பல்லால் கடித்தாள். பெரியவர் உள்ளுக்குள் குளிர்ந்துபோனார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவன் எவன், கூப்பிடுங்கள் அவனை என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள் சின்னவர் வேலைக்கு வரவில்லை. காலில் வலி கூடுதலாக இருக்கும் என்று பெரியவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரத்தோடு இறங்கி, முனையில் மறக்காமல் நொண்டி, வீட்டுக்குள் நுழைந்தார். மிஷின் ஓடவில்லை. அவள் அதற்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் பகலில் அந்தச் சத்தம் நின்று அவர் கேட்டதில்லை.

"டாக்டரம்மா போன் பண்ணாங்க" என்றாள். "புற்றுநோய்தானாம்."

"யாருக்கு?"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் அவரையே பார்த்தாள்.

"யாருக்குன்னா? உங்களுக்குத்தாங்க. இடது குதிகால்ல. இந்த வகைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லையாம். நம்ம நிறத்துக்காரங்களுக்கு உள்ளங்கால்லயும் நகத்துக்கு அடியிலயும் வந்து ஒளிஞ்சுக்குமாம். கொஞ்ச நாளா இல்லை, ரொம்ப நாளாவே இருந்திருக்கு. ஆழமா வெட்டி எடுக்கணும். வேற எங்கேயாவது பரவியிருக்கான்னு அதுக்கப்புறம்தான் தெரியுமாம்."

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கில்லை. முதலில் அதுதான் வந்தது. நெஞ்சுக்குள் ஒரு குளிர்ந்த காற்று மாதிரி வந்துபோயிற்று. அது போன மறுநிமிஷம், எனக்கில்லை என்றால் யாருக்கு என்பது உறைத்தது. இரண்டு கையிலும் ஊசி வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்து நின்ற ஒரு பையனின் முகம் கண் முன்னால் வந்தது. அவர் அழுதார். சத்தம் போட்டு அழுதார். தன் உயிருக்காக அழுகிறார் என்று மனைவி நினைத்துக்கொள்வாளே என்று வெட்கமாக இருந்தது. அதற்காகவும் சேர்த்து அழுதார்.

அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன் என்றாள்.

அந்த நிலைமையிலும் பெரியவர் மூளை பழைய தடத்திலேயே ஓடியது பாருங்கள். ஆபரேஷனுக்கும் அவனையே என் பேரில் அனுப்பிவிட்டால் என்ன? நோய் அவனுக்கு, கத்தியும் அவனுக்கு, பேர் மட்டும் எனக்கு. அவன் பிழைத்துக்கொள்வான், என் குட்டும் உடையாது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? இரண்டு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் இந்தத் திட்டம் அவருக்கு நியாயமாகவே பட்டது. மூன்றாவது வாயில் அருவருத்துப்போயிற்று. காலை வெட்டிக்கொண்டு கிடப்பவனைப் பார்க்க அவன் பெண்டாட்டி வர வேண்டாமா? அவன் வலியில் கத்தினால்கூட என் பேரைச் சொல்லித்தானே நர்சு கூப்பிடுவாள்? ச்சீ, நானும் ஒரு மனுஷனா என்று அவருக்கே இருந்தது.

காற்றாட நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நொண்ட மறந்துவிட்டார். நேரே தம்பி வீட்டுக்குப் போனார். போகிற வழி பூராவும் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தையைத் தேடினார். 'தம்பி, அந்த முடிவு வந்துடுச்சு' என்று ஆரம்பிக்கலாம். 'பயப்படாதேடா' என்றும் ஆரம்பிக்கலாம். ஆனால் பயப்படாதே என்று சொல்ல அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுச் சலவைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் காலையிலேயே வண்டி பிடித்துக் கிளம்பினார்கள், பையெல்லாம் இருந்தது, எங்கேயோ ஊர் சுற்றப் போகிறார்கள் போல என்றார். பெரியவர் படியில் உட்கார்ந்தார். பாவம், ஒன்றும் தெரியாமல் சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறான். இந்த ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. இல்லை, ஒவ்வொரு நாளும் அந்தக் கறை பெரிதாகிறது, இப்போதே சொல் என்று இன்னொரு மனசு சொன்னது. தெருவிளக்கு எரிகிற வரைக்கும் காத்திருந்தார். யாரும் வரவில்லை. இனி பொறுக்க முடியாது என்று எழுந்து வீட்டுக்கு நடந்தார். வழி முழுக்க அவர் முடிவு பண்ணிக்கொண்டது ஒன்றுதான்: இன்றைக்கு அவள் என்னைச் செருப்பால் அடித்தாலும் சரி, வீட்டை விட்டுத் துரத்தினாலும் சரி, உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

அவள் ஒரு வெள்ளைக் கோட்டை மடியில் போட்டுக்கொண்டு கைத்தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"அது எனக்கில்லை" என்றார்.

அவள் தையல் பிரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போகலை. பயந்துட்டு அவனை அனுப்பினேன். அந்தக் கால் அவன் கால். என்னை என்ன வேணா சொல்லு. இப்பவே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணு. அவனைத் தேடணும். வீடு பூட்டியிருக்கு. எங்கேயோ ஊர் சுற்றப் போயிருக்காங்க."

"ஊர் சுற்றப் போகலைங்க. ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க. காலையிலேயே சேர்த்தாச்சு."

பெரியவர் தரையில் கையை ஊன்றி எழப் பார்த்தார்.

அவள் கோட்டைக் கீழே வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். சத்தமே உயரவில்லை. சின்னவர் குதிகாலில் அந்தக் கருப்பை முதலில் பார்த்தது அவள் ஓரகத்தி, சின்னவர் மனைவி. பெயின்ட் என்று அவர் சொன்னார். தின்னர் வைத்துத் தேய்த்தும் மாசக்கணக்கில் போகாத பெயின்ட் எது என்று அவளுக்குச் சந்தேகம். டாக்டரிடம் போங்கள் என்று கெஞ்சினாள், அழுதாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அண்ணனே டாக்டர்கிட்ட போறதில்லை, எனக்கென்ன என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம்தான் ஓரகத்திகள் இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள். தனக்கென்றால் அந்த மனுஷன் ஒரு நாளும் போக மாட்டார். அண்ணனுக்காக என்றால் ஓடுவார். பெரியவரைப் போகச் சொல்லி நெருக்கினால் பெரியவர் என்ன செய்வார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். டாக்டரம்மாவிடம் முதலிலேயே விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு வாங்கிய நேரமே சின்னவருக்காகத்தான்.

"அப்ப எனக்குன்னு நீ வாங்கவே இல்லையா?"

"இல்லை."

"நான் நொண்டினது?"

"நல்லா நொண்டினீங்க. கட்டு வலது கால்ல. முடிவு இடது காலுக்குன்னு சொன்னேன். அதைக்கூட நீங்க கவனிக்கலை."

பெரியவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். கட்டு வலது காலில் அழுக்கேறிப்போய் இருந்தது. வேறு நாளாக இருந்தால் அவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

"அவனுக்குத் தெரியுமா?"

"காலையிலேயே டாக்டரம்மா அவர்கிட்டயே சொல்லிட்டாங்க. அழலை. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி, தாங்க மாட்டாருன்னுதான் சொன்னார்."

பெரியவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டார். அப்படியென்றால் எனக்கு என்று ஏன் பொய் சொன்னாய், என்னை ஏன் இப்படி வதைத்தாய் என்று தழுதழுத்துக் கேட்டார்.

"தம்பிக்குன்னு சொல்லியிருந்தா உட்கார்ந்து அழுதிருப்பீங்க. அழுது முடிச்சதும், நல்லவேளை எனக்கில்லைன்னு எழுந்திருச்சுப் போயிருப்பீங்க." அவள் குரல் அப்போதுதான் லேசாக நடுங்கியது. "நீங்களா வந்து சொல்றீங்களான்னு பார்த்தேன். வெளியே போனவர் ரொம்ப நேரம் வரலை. சொல்ல மாட்டீங்களோன்னு பயந்துட்டேங்க. அப்படிச் சொல்லாம இருந்திருந்தீங்கன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியலை."

தெருவில் யாரோ கடைக் கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. பெரியவர் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். சட்டையை மாட்டினார். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தம்பி பக்கத்தில் உட்கார வேண்டும், இரவு அங்கேயே இருப்பேன், எத்தனை நாள் ஆனாலும் இருப்பேன் என்றார். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கதவைப் பூட்டினாள். இருட்டில் நடக்கும்போது, தம்பி பிழைத்துவிடுவானா என்று கேட்டார். தெரியவில்லை, டாக்டரம்மாவும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை என்றாள். குதிகால் போனால் பலகையில் ஏற முடியாதே என்றார். ஏற வேண்டாம், இருந்தால் போதும் என்றாள்.

ஆஸ்பத்திரி வாசல் வெளிச்சம் தெரிந்ததும் அவள் நின்றாள்.

"டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. ஒரே வயித்துல ஒண்ணா உருவானவங்க நீங்க. அவருக்கு இருக்குன்னா உங்களையும் உடனே பார்த்தாகணுமாம். காலையில முதல் ஆளா உங்களுக்குத்தான் நேரம் வாங்கியிருக்கேன்."

பழக்கம் லேசில் விடுமா? தம்பி படுத்திருக்கிற நேரத்தில் எனக்கு எதற்கு, அவன் எழுந்து நடக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர் இழுத்தார். இப்போது உடம்பைக் காட்டுகிற மனநிலையிலா இருக்கிறேன் என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்து வாசலுக்குள் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"வாங்க. இந்தத் தடவை உங்களுக்குப் பதிலா அனுப்ப வேற தம்பி இல்லை."